பொம்பாக்காரர்களின் கதையை நாங்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சிங்கப்பூரில் ஹில் ஸ்திரீட்டில் இருக்கும் மத்தியத் தீயணைப்பு நிலையத்தைப் பற்றி யார் எழுதினாலும், பேச்சு அந்தச் சிவப்பு வெள்ளைக் கட்டடத்தைச் சுற்றியே நின்றுவிடுகிறது. 1909-ல் திறந்தார்கள், 1998-ல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள், 2001-ல் உள்ளே மரபுடைமைக் கூடம் அமைத்தார்கள். பிள்ளைகள் பழைய வண்டியின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் எந்தத் தீயில் எது இல்லாமல் போய் உயிர்கள் போயின, அதற்குப் பிறகு என்ன வந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் தீயணைப்புப் படையின் வரலாற்றில் பாதி போய்விடும். அதைச் சொல்லத் தெரிந்த தமிழர்கள் இன்னும் சிலர் இருக்கிறோம். எங்களில் பலருக்கு எழுபது தாண்டிவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் 1973-ல் பொம்பாவில், அதாவது தீயணைப்புப் படையில், சேர்ந்தவன். அப்போது தமிழர், மலாய்க்காரர், சீனர் என்று எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். 'குடிமைத் தற்காப்புப் படை' என்ற பெயரெல்லாம் பிறகு வந்தது. எங்கள் பிரிவில் மலாய்க்காரர்கள் அதிகம். சீனர், தமிழர், மலையாளி, சீக்கியர் எல்லாரும் இருந்தோம். உத்தரவு ஆங்கிலத்தில் வரும். வண்டியில் ஏறியதும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வது மலாயில். மூத்த தமிழர்களை 'அண்ணே' என்போம், மலாய்க்கார மூத்தவர்களை 'அபாங்' என்போம். அவர்கள் சொல்லிக்கொடுத்ததுதான் நான் கற்ற தொழில். கீழே எழுதுவதில் பழைய காலத்துச் செய்திகள் சில அவர்கள் வாயால் கேட்டவை, சில பிறகு நூலகத்தில் உட்கார்ந்து படித்தவை.

முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1830-ல் பிலிப் தெருவில் பிடித்த தீ மார்க்கெட் தெரு வரைக்கும் பரவியது. அணைக்க முறையான ஆளும் இல்லை, கருவியும் இல்லை. மூன்று நாள் எரிந்ததாகப் பதிந்து வைத்திருக்கிறார்கள். பிற்காலத்தில் நம் செட்டியார்கள் கிட்டங்கி வைத்து வட்டித்தொழில் நடத்தியது இதே மார்க்கெட் தெருவில்தான். தமிழும் அறிந்த முன்ஷி அப்துல்லா அந்தத் தீயை மலாயில் பாட்டாகவே எழுதி வைத்தார். அந்தக் காலத்தில் ஊருக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. கிணறு, ஓடை, மாட்டு வண்டியில் வரும் தண்ணீர், இவைதான். தான் கிம் செங் என்ற வணிகர் 1857-ல் ஊருக்குக் குடிதண்ணீர் கொண்டுவர 13,000 வெள்ளி (டாலர்) கொடுத்தார். எஸ்பிளனேடில் இருக்கும் அவர் பெயர் கொண்ட நீரூற்றைப் பார்த்திருப்பீர்கள். இன்று மெக்ரிட்சி என்கிறோமே, அந்த நீர்த்தேக்கம் 1868-ல் கட்டி முடிந்தது. ஆனால் பம்பும் குழாய்களும் தயாராகித் தண்ணீர் ஊருக்குள் வர அதன் பிறகும் பத்து ஆண்டுகள் பிடித்தன.

இதை நான் விரித்து எழுதக் காரணம் இருக்கிறது. 1869-ல் தீயணைப்புக் குழு என்று ஒன்றை அமைத்தார்கள். முறையான தீயணைப்புப் படை வந்தது 1888-ல்தான். இடையில் என்ன செய்தார்கள் என்று கேட்கலாம். குழாயில் தண்ணீர் வராத ஊரில் படையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நீராவியால் ஓடும் பம்பைக் குதிரைகள் இழுத்து வரும். ஆற்றிலோ கடலிலோ குழாயைப் போட்டால்தான் பம்புக்குத் தண்ணீர். தீ ஆற்றங்கரையில் பிடித்தால் பிழைத்தோம், உள்ளே பிடித்தால் கடவுள்தான் துணை. அந்த நிலைமையில் இருந்துதான் இந்தப் படை வளர்ந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாண்டகு பெட் என்பவர் தலைவராக வந்தார். தீயணைப்பையே தொழிலாகக் கற்றவர் ஒருவர் இங்கே தலைமைக்கு வந்தது அதுவே முதல்முறை. அவர் காலத்தில்தான் ஹில் ஸ்திரீட் நிலையம் எழுந்தது. 1912 வாக்கில் குதிரைகள் போய் மோட்டார் வண்டிகள் வந்துவிட்டன. அந்த நிலையத்தின் கோபுரம் அழகுக்குக் கட்டியதென்று பலர் நினைக்கிறார்கள். மேலே ஒருவர் நின்று நகரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டே இருப்பதற்காகக் கட்டியது அது. வீட்டுக்கு வீடு தொலைபேசி இல்லாத காலத்தில் புகையைக் கண்ணால் பார்த்தால்தான் செய்தி. கோபுரத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. தீயணைத்துவிட்டுத் திரும்பியதும் கேன்வாஸ் குழாய்களைக் கழுவி, அதன் உள்ளே மேலிருந்து தொங்கவிடுவார்கள். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் துணி அழுகிவிடும், அடுத்த அழைப்பில் அழுத்தம் ஏறியதும் கிழிந்துவிடும். வேலை முடிந்து எல்லாரும் களைத்துப்போய் வந்திருப்போம். ஆனாலும் குழாயைக் கழுவித் தொங்கவிட்ட பிறகுதான் தேநீர். நனைந்த கேன்வாஸ் குழாய் எவ்வளவு கனம் என்பது தூக்கியவனுக்குத்தான் தெரியும். நான் சேர்ந்த புதிதில் ஓர் அபாங், குழாயை இடுப்பில் அணைத்துக்கொண்டு தோளால் தள்ளி ஏற்றும் விதத்தைக் காட்டிக் கொடுத்தார். கையால் மட்டும் இழுத்தால் முதுகு போய்விடும். இதெல்லாம் எந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் இல்லை.

அப்புறம் கம்பத்துத் தீகள். கம்பம் என்றால் மரவீடுகள் நெருங்கி நின்ற கிராமக் குடியிருப்பு. 1958-ல் கம்போங் கூ சாய், 1959-ல் கம்போங் தியோங் பாரு என்று வரிசையாக எரிந்தன. எல்லாவற்றுக்கும் பெரியது 1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாள் அன்று புக்கிட் ஹோ சுவீயில் பிடித்த தீ. என் அப்பா மலாயா ரயில்வேயில் வேலை பார்த்தார், நாங்கள் கம்போங் பாரு பக்கம் குடியிருந்தோம். எனக்கு அப்போது ஒன்பது வயது. பிற்பகலில் கருப்பாக எழும்பிய புகையை எங்கள் வீட்டு வாசலில் இருந்தே பார்த்தோம். பெரியவர்கள் யாரும் பேசவில்லை. அம்மா எல்லாப் பிள்ளைகளையும் ஓரிடத்தில் உட்காரவைத்து, துணிமணிகளை ஒரு மூட்டையாகக் கட்டி வாசலில் வைத்துக்கொண்டார். தீ எங்கள் பக்கம் வரவில்லை.

அன்று நால்வர் இறந்தனர், ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். அத்தாப்பு ஓலைக் கூரை, மரச் சுவர், வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஓர் ஆள் நடக்கிற சந்து, மேலே வெயிலும் காற்றும். பொம்பா வண்டி உள்ளே போக வழி இல்லை. தண்ணீரின் அழுத்தமும் போதவில்லை. ஓடி வரும் கூட்டத்தை எதிர்த்துக் குழாயை இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்ததாக அந்தத் தீயில் வேலை செய்த மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதற்கு முந்திய ஆண்டுதான் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டிருந்தது. எரிந்த மண்ணிலேயே அடுக்குமாடிகள் எழும்பின. ஓராண்டுக்குள் அந்தக் குடும்பங்களுக்கெல்லாம் கூரை கிடைத்தது. புக்கிட் ஹோ சுவீ கதையை வீட்டு வசதியின் கதையாக எல்லாப் பள்ளிகளிலும் சொல்கிறார்கள். பொம்பாக்காரனின் கண்ணில் அது சாலையின் கதை. புளோக்குகளுக்கு நடுவில் தீயணைப்பு வண்டி நுழையவும் ஏணியை விரிக்கவும் அகலமாக இடம் விட்டிருக்கிறார்களே, அங்கே வண்டி நிறுத்தக்கூடாது என்று கோடு போட்டிருக்கிறார்களே, அந்த இடத்தின் அருமை சந்துக்குள் குழாயோடு மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும்.

1972 நவம்பர் 21-ல் ராஃபிள்ஸ் பிளேசில் ராபின்சன்ஸ் பேரங்காடி எரிந்தது. கடை திறக்கும் நேரம். ஒன்பது பேர் இறந்தனர். மின்தூக்கிக்குள் சிக்கியவர்களும் அவர்களில் உண்டு. நகரத்தின் நடுவில், அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பெரிய கட்டடம் முழுதாக வெந்து போயிற்று. எனக்கு இருபது வயது. படையில் சேரலாமா என்ற எண்ணம் முன்பே இருந்தது. அதைப் பார்த்த பிறகு முடிவு செய்துவிட்டேன். அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அந்தத் தீக்குப் பிறகுதான் கட்டடத்துக்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்று கறாராகப் பார்க்கத் தொடங்கினார்கள். 1974-ல் கட்டடங்களுக்கான தீத்தடுப்பு விதித்தொகுப்பு வந்தது. புகை ஏறாத படிக்கட்டு, தானாக மூடிக்கொள்ளும் தீத்தடுப்புக் கதவு, வெளியேறும் வழியைக் காட்டும் விளக்கு என்று இன்று அலுவலகத்திலும் கடைத்தொகுதியிலும் நாம் கண்டும் காணாமல் கடந்து போகிற எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு பின்கதை உண்டு. 'தீ பிடித்தால் மின்தூக்கியில் ஏறாதே' என்று ஒட்டியிருக்கும் தாளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ராபின்சன்ஸ் நினைவுதான் வரும். அந்தத் தாளை ஒரு பிள்ளைக்குக் காட்டும்போது அந்த ஒன்பது பேரைப் பற்றியும் சொன்னால் அந்தப் பிள்ளை மறக்குமா?

இனி நம் தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், நடந்ததற்கு வருகிறேன். அதைத் தமிழ் வாசகர்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

1986 மார்ச் 15, சனிக்கிழமை, நண்பகலுக்குச் சற்று முன்பு. சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்கும் முனையில் இருந்த லியன் யாக் கட்டடம், ஹோட்டல் நியூ வோர்ல்டு இருந்த ஆறு மாடிக் கட்டடம், ஒரு நிமிடத்துக்குள் அப்படியே உட்கார்ந்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது புழுதி இன்னும் அடங்கவில்லை. கட்டடம் இருந்த இடத்தில் ஒரு மேடுதான் இருந்தது. தீயணைக்கப் பழகியவர்கள் நாங்கள். தண்ணீர், ஏணி, குழாய், இவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். சிமெண்டுப் பாளத்துக்குக் கீழே உயிரோடு இருக்கிறவரை எப்படி வெளியே எடுப்பது என்று முழுதாகத் தெரிந்தவர் அன்று இந்த ஊரில் யாரும் இல்லை. ராணுவம் வந்தது, போலீஸ் வந்தது, மருத்துவர்கள் வந்தார்கள். அப்போது எம்ஆர்டி ரயிலுக்குச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த காலம். அந்த வேலைக்கு வந்திருந்த வெளிநாட்டுச் சுரங்க வல்லுநர்கள் தாமாகவே வந்து, பக்கவாட்டில் குடைந்து போகலாம் என்றார்கள்.

மேலே நாங்கள் வரிசையாக நின்று இடிபாட்டைக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்பினோம். வாளி, கூடை, வெறுங்கை. பெரிய இயந்திரத்தை வைத்து வாரினால் கீழே இருப்பவர் மேல் சரிந்துவிடும் என்ற பயம். இடையிடையே கையை உயர்த்துவார்கள். உடனே எல்லாரும் நிற்க வேண்டும், மூச்சுக்கூடச் சத்தமாக விடக்கூடாது. கீழே இருந்து தட்டும் ஓசை வருகிறதா என்று கேட்பார்கள். சிராங்கூன் சாலை அவ்வளவு அமைதியாக இருந்து அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. ஒரு முறை எங்கள் வரிசைக்குப் பக்கத்திலேயே, ஒரு துண்டுக் குழாய்க் கம்பியில் யாரோ தட்டுவது கேட்டது. மூன்று தட்டு, பிறகு ஓய்வு, மறுபடி மூன்று. எங்கள் ஆள் ஒருவர் தானும் தட்டிப் பதில் கொடுத்தார். அதன் பிறகு அந்த இடத்தில் வேலை செய்தவர்களை அங்கிருந்து அகற்றவே முடியவில்லை. ஓய்வெடு என்றால் கேட்க மாட்டார்கள்.

தேக்காக் கடைக்காரர்களை நான் இங்கே சொல்லியாக வேண்டும். பெயர் வேண்டாம் என்று அவர்களே சொல்வார்கள். தேநீர், ரொட்டி, இட்லி, எலுமிச்சைத் தண்ணீர் என்று வந்துகொண்டே இருந்தது. பணம் கேட்டவர் ஒருவர்கூட இல்லை. கை உறை கிழிந்துவிட்டது என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு ஹார்ட்வேர் கடைக்காரர் பெட்டியோடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

17 பேரை உயிரோடு எடுத்தார்கள். 33 பேர் இறந்தனர். கட்டடத்தின் சொந்த எடையையே கணக்கில் சேர்க்காமல் வடிவமைத்திருந்தார்கள் என்று விசாரணையில் தெரிந்தது. 1989-ல் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. கட்டிய பிறகும் குறித்த காலத்துக்கு ஒருமுறை பொறியாளரை வைத்துக் கட்டடத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்றானது. 1990-ல் இடிபாடுகளில் இருந்து மீட்பதற்கென்றே டார்ட் என்ற தனிப் பிரிவை அமைத்தார்கள். 2004-ல் நிக்கல் நெடுஞ்சாலை சரிந்தபோது அந்தப் பிரிவு இருந்தது. இன்று வெளிநாட்டில் நிலநடுக்கம் என்றால் சிங்கப்பூரில் இருந்து மீட்புக் குழு கிளம்பிப் போகிறது. செய்தியில் அவர்களைப் பார்க்கும்போது, வாளியோடு நின்ற எங்கள் வரிசையை நினைத்துக்கொள்வேன். நாங்கள் வெறுங்கையால் செய்த வேலையை இந்தப் பிள்ளைகள் ஒழுங்கான கருவியோடு செய்கிறார்கள். எனக்கு அதில் பெருமை மிக அதிகம்.

நிர்வாக மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1980-ல் பெயர் தீயணைப்புச் சேவை என்று மாறியது. 1989-ல் குடிமைத் தற்காப்புப் படையோடு இணைந்தது. சட்டைப் பட்டை மாறியது, வேலை மாறவில்லை.

எண்ணெய்த் தீயைப் பற்றி ஒரு ஒப்பீடு. 1988 அக்டோபரில் புலாவ் மெர்லிமாவில் எண்ணெய்க் கிடங்குத் தொட்டிகள் பிடித்துக்கொண்டன. அணைத்து முடிக்க ஐந்து நாள் ஆயிற்று. எண்ணெய்க்குத் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது, நுரையால் மேலே போர்த்தி மூட வேண்டும். அந்த நுரையைத் தொட்டியின் விளிம்பைத் தாண்டி, காற்றை எதிர்த்து, தொடர்ந்து கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் ஒரு முறை நின்றால் போர்வை கிழிந்து தீ மறுபடி எழும்பிவிடும். 2018 மார்ச்சில் புலாவ் புசிங்கில் ஒரு பெரிய எண்ணெய்த் தொட்டி எரிந்தது. ஆறு மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். அந்த இரவு நான் வீட்டில் தூங்கவில்லை, தொலைபேசியில் செய்தியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தீ அணைந்தது என்று வந்ததும் மெர்லிமாவில் வேலை செய்த பழைய நண்பர் ஒருவருக்கு அந்த நள்ளிரவிலேயே அழைத்தேன். அவரும் விழித்துக்கொண்டுதான் இருந்தார். இரண்டுக்கும் நடுவில் முப்பது ஆண்டுப் பாடம் இருக்கிறது: எவ்வளவு நுரை இருப்பு வைக்க வேண்டும், எவ்வளவு பெரிய பீரங்கிக் குழாய் வேண்டும், ஆலைக்குள்ளேயே பயிற்சி பெற்ற ஆட்கள் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பாடத்தில் வருகிறது.

இப்போது என் புளோக்குக்கு வருகிறேன். நான் தோ பாயோவில் இருக்கிறேன். கீழ்த்தளத்தில் ஒரு சிவப்புப் பெட்டி இருக்கிறது, உங்கள் புளோக்கிலும் இருக்கும். அதற்குள் குழாய் வாய்கள் தெரியும். அங்கிருந்து ஒரு வெற்றுக் குழாய் மேல் மாடி வரை போகிறது. தண்ணீர் இருக்காது. தீயணைப்பு வண்டி வந்து ஹைட்ரண்ட் என்னும் தெருவோரத் தண்ணீர்க் குழாயில் இருந்து தண்ணீர் எடுத்து, அந்த வாயில் பொருத்திப் பம்பால் மேலே தள்ளும். மாடியில் படிக்கட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வால்வில் எங்கள் ஆட்கள் குழாயை மாட்டுவார்கள். கீழே பம்பில் நிற்பவர் அழுத்தமானியில் கண்ணை வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பத்தாவது மாடிக்கு ஏற்ற வேண்டிய அழுத்தம் வேறு, மூன்றாவது மாடிக்கு வேறு. அதிகமாகத் திறந்துவிட்டால் மேலே குழாயின் முனையான நாசிலைப் பிடித்திருப்பவரை அது தூக்கி எறிந்துவிடும், குறைந்தால் அவர் தீக்கு எதிரில் வெறுங்கையோடு நிற்பார். நான் பல ஆண்டுகள் அந்தப் பம்பில் நின்றவன். மேலே இருப்பவரின் உயிர் கீழே என் விரலில் இருக்கிறது என்பதை ஒரு நாளும் மறந்ததில்லை.

அந்தச் சிவப்புப் பெட்டியின் கதவில் சைக்கிளைச் சங்கிலி போட்டுப் பூட்டி வைக்கிறார்கள். தாழ்வாரத்தில் செருப்பு அலமாரி, பழைய மெத்தை, அட்டைப் பெட்டி, பூந்தொட்டிகள். குறைந்தது 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது விதி. அதைச் சொல்லி அறிவிப்பு ஒட்டினால், 'இவர்களுக்கு வேறு வேலை இல்லை' என்கிறார்கள். நானே என் மாடியில் ஒரு தம்பியிடம் பேசினேன். நல்ல பையன், மின்ஸ்கூட்டரை இரவெல்லாம் வாசல் கதவுக்குப் பக்கத்தில் சார்ஜ் போட்டு வைப்பான். விதியைச் சொன்னபோது தலையாட்டினான், மாற்றவில்லை. இன்னொரு நாள் உட்காரவைத்து, புகை நிறைந்த தாழ்வாரத்தில் என்ன தெரியும் என்று சொன்னேன். ஒன்றும் தெரியாது. சுவரில் கையை வைத்துக்கொண்டு முட்டி போட்டுப் போவோம். முதலில் கையில் தட்டுப்படுவது செருப்பு அலமாரிதான். அது சாய்ந்தால் வழி அடைந்துவிடும். உன் அம்மா அறைக்குள் இருந்து வெளியே வர முயன்றால் அவரும் அதே அலமாரியில்தான் தட்டுவார். அவன் அன்றே ஸ்கூட்டரையும் அலமாரியையும் எடுத்துவிட்டான். விதியைச் சொன்னால் கேட்காதவர்கள் கதையைச் சொன்னால் கேட்கிறார்கள். நான் கண்கூடாகப் பார்த்தது இது.

2025 ஏப்ரல் 8-ல் ரிவர் வேலி சாலையில் கடைவீடு ஒன்று எரிந்தது. உள்ளே பிள்ளைகள் இருந்தார்கள். பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த வெளிநாட்டு ஊழியர்கள், நம் தமிழ்நாட்டுத் தம்பிகளும் அவர்களில் உண்டு, சாரக்கட்டையும் ஏணியையும் வைத்து ஏறி, சன்னலில் நின்ற பிள்ளைகளைக் கைமாற்றிக் கைமாற்றி இறக்கினார்கள். ஒரு சிறுமி இறந்துபோனாள். மற்றப் பிள்ளைகள் பிழைத்தார்கள். அந்தத் தம்பிகளை நாடே பாராட்டியது, பாராட்ட வேண்டியதுதான். நான் அந்தக் காணொளியைப் பார்த்து அழுதேன். இவர்கள் பொம்பாவில் இருந்தவர்கள் அல்லர். யாரும் உத்தரவு போடவில்லை. அன்றைக்குக் கட்டுமானத் தொழில் தெரிந்தவர்கள், உயரத்தில் நிற்கப் பழகியவர்கள் அங்கே இருந்தார்கள். இதுவும் தீயணைப்பு வரலாற்றில் சேர வேண்டும். 1830-ல் இருந்து இந்த ஊரில் முதலில் ஓடி வந்தவர்கள் பெரும்பாலும் பக்கத்தில் இருந்த சாதாரண மக்கள்தான். படை அவர்களுக்குப் பின்னால் வந்து சேரும். இன்று மைரெஸ்பாண்டர் செயலியில் பதிந்துகொண்டால், உங்கள் பக்கத்துப் புளோக்கில் சின்னத் தீயோ மாரடைப்போ என்றால் உங்களுக்கே செய்தி வரும், வண்டி வருவதற்குள் நீங்கள் போய் நிற்கலாம். நம் இளையர்கள் அதில் சேர வேண்டும்.

ஐயா, உங்களிடமும் உங்கள் வாசகர்களிடமும் நான் கேட்பவை இவை.

படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற தமிழர்களின் நினைவுகளுக்கு உங்கள் நாளிதழில் இடம் கொடுங்கள். நான் மட்டும் எழுதினால் போதாது. ராபின்சன்ஸ் தீயில் நாசிலைப் பிடித்தவர்கள், மெர்லிமாவில் ஐந்து நாள் நின்றவர்கள், ஆம்புலன்ஸ் ஓட்டியவர்கள், கட்டுப்பாட்டு அறையில் 995 அழைப்பை எடுத்தவர்கள் எல்லாரும் எழுதட்டும். எழுத வராதவர்கள் சொல்லட்டும், பேரப்பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் இப்படிப்பட்ட நினைவுகளைப் பதிந்து வருகிறது. அதில் பொம்பாக்காரர்களின் குரல் தமிழில் நிறைய சேர வேண்டும்.

இறந்துபோன பொம்பாக்காரர்களின் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. அலமாரிக்குள் பழைய இடைவார், பித்தளைப் பொத்தான், பிரிவோடு நின்று எடுத்த கருப்பு வெள்ளைப் படம் ஏதாவது இருந்தால் வீடு மாறும்போது தூக்கிப் போட்டுவிடாதீர்கள். படத்தின் பின்னால், தெரிந்தவர்களின் பெயர்களையும் ஆண்டையும் நிலையத்தையும் பென்சிலால் எழுதி வையுங்கள். பெயர் இல்லாத படத்தை வைத்துக்கொண்டு பின்னால் வருகிறவர்கள் என்ன செய்ய முடியும்?

பெற்றோர்களே, சனிக்கிழமை காலையில் தீயணைப்பு நிலையங்களைப் பொதுமக்களுக்குத் திறந்து வைக்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். வண்டியில் ஏறி உட்காரட்டும், தொப்பி போட்டுக்கொள்ளட்டும். அதோடு அங்கே நிற்கும் தம்பி தங்கைகளிடம் ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: 'இந்தக் கருவி எந்தத் தீக்குப் பிறகு வந்தது?' அவர்களுக்குப் பதில் தெரியும். தெரியாவிட்டால் தேடிக் கண்டுபிடிப்பார்கள், அதுவும் நல்லதுதான்.

ஹில் ஸ்திரீட் மரபுடைமைக் கூடத்தில் மாதம் ஒரு முறை தமிழில் சுற்றிக்காட்டி விளக்க ஆள் வேண்டும் என்றால், நான் வரத் தயார். முழங்கால் வலி இருக்கிறது, கோபுரம் ஏற முடியாது. கீழே நின்று பேச முடியும். என்னோடு வேலை செய்த இன்னும் இரண்டு மூன்று பேரையும் கூட்டி வருவேன். என்னிடம் அந்தக் காலத்து ஒரு பித்தளை நாசிலும், பயிற்சியில் குறிப்பெடுத்த நோட்டுப் புத்தகமும் இருக்கின்றன. யார் பொறுப்பாக வைத்துக்கொள்வார்களோ அவர்களுக்கு இரண்டையும் கொடுத்துவிடுகிறேன். என் முகவரியும் தொலைபேசி எண்ணும் இந்தக் கடிதத்தோடு தனித்தாளில் இருக்கின்றன. யாராவது கேட்டு வந்தால் தயவுசெய்து கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தீயணைப்பாளர் ஒருவர்,
தோ பாயோ